டெல்லி டி, டீக்கடை டி: ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல டெர்மினல் பழகின கதையும் வழியும்

கோத்தகிரில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டு தர்றதும் உண்டு. கடை கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட், 4 ஜிபி ரேம், அதுல விண்டோஸ் ஏறி வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சுடலாம். அக்கா பையன் கோயம்புத்தூர்ல இருந்து லீவுக்கு வந்தவன் விண்டோஸுக்கு பதிலா உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் போட்டு குடுத்துட்டு, "சித்தி, டெர்மினல் மட்டும் கொஞ்சம் கத்துக்கோ, பாதி வேலை மிச்சம்"னு சொல்லிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிட்டான். டெர்மினல்னா மவுஸ் இல்லாம, கமாண்ட் அடிச்சு வேலை வாங்கற ஒரு கருப்பு பொட்டி. அப்புறம் மூணு மாசம் ஃபோன்லயே அவன் சொல்ல சொல்ல நான் நோட்டுல எழுதி, தப்பா அடிச்சு, அழுது, திரும்ப அடிச்சு ஒரு வழியா கைக்கு வந்துச்சு. இன்னொருத்தர் அந்த மூணு மாசம் படக்கூடாதுன்னு தான் இது. மவுஸ் புடிக்க தெரியும், டைப்பிங் தெரியும், ஆனா அந்த கருப்பு பொட்டிய திறந்ததே இல்லைங்கறவங்களுக்கு மட்டும். புரோகிராம் எழுதறவங்க இதுக்கு மேல படிக்க வேண்டாம், சிரிப்பீங்க.

1. என்ன வேணும், எவ்ளோ ஆகும்

டெர்மினலுக்கு தனியா பைசா கிடையாது, லினக்ஸ்லயே இருக்கு. உபுண்டு 24.04 ஃப்ரீ தான், 2029 வரைக்கும் அப்டேட் வரும். அவங்களே 4 ஜிபி ரேமும் 25 ஜிபி டிஸ்க்கும் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. டவுன்லோடு கிட்டத்தட்ட 6 ஜிபி வரும், அதனால 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு வேணும், 4 ஜிபில ஏறாது. அதைவிட பழைய மெஷினா இருந்தா லுபுண்டு போடுங்க, அது இன்னும் லேசு.

எனக்கு ஆன செலவு: ஹார்ட் டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி போட்டதுக்கு 1,900 ரூபா, பேக்கப்புக்கு 64 ஜிபி பென்டிரைவ் 550, யூபிஎஸ் 3,200. இதுல யூபிஎஸ் மட்டும் தள்ளி போடாதீங்க. கூடலூர் பக்கம் ஆடி மழைன்னா நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை, மரம் ஒண்ணு லைன் மேல சாஞ்சா அன்னைக்கு பூரா அவ்ளோதான். ஃபைல் பாதி எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா அந்த ஃபைல் கோவிந்தா. பத்து நிமிஷம் தாங்குனா போதும், ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிடலாம்.

நேரம்? தினமும் அரை மணி வச்சா ரெண்டு வாரத்துல கீழ இருக்கற எல்லாம் வந்துடும். கடைல ஆள் இருக்கறப்ப பழகாதீங்க. கஸ்டமர் ஃபைல்ல பழகவே பழகாதீங்க, அதுக்கு ஏன்னு 6ல சொல்றேன்.

விண்டோஸ் தான் வச்சிருக்கேங்கறவங்க பவர்ஷெல்னு ஒண்ணு இருக்கு அதை திறங்க, எல்எஸ், சிடி, பிடபிள்யூடி எல்லாம் அதுலயும் வேலை செய்யும். போட்டோ, பிடிஎஃப் சமாச்சாரம் வேற மாதிரி, அதுக்கு இது உதவாது.

2. நோட்டு போடுங்க

நான் கமாண்டெல்லாம் தமிழ்ல எழுதி வச்ச நோட்டுல இருந்து தான் இதை அடிக்கறேன். நீங்க கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிக்கணும். காப்பி பண்ணி ஒட்டலாம்னு பாக்காதீங்க, கையால அடிச்சா தான் வரும், அது நல்லதும் கூட.

ஒரே சிக்கல், நம்ம வாய்ல டின்னா ரெண்டு எழுத்து, பின்னா ரெண்டு எழுத்து. ஃபோன்ல அவன் "டி"ங்கறான், நான் எந்த டின்னு கேக்கறேன், அவன் "அந்த டி தான் சித்தி"ங்கறான். கடைசில டெல்லி டி, டீக்கடை டி, பாம்பே பி, பழனி பின்னு ஒரு ஒப்பந்தம் ஆச்சு. இங்கயும் அதே தான்.

இன்னொண்ணு ஸ்பேஸ். காதுக்கு ஸ்பேஸ் கேக்காது, ஆனா டெர்மினலுக்கு அது தான் உயிர். நோட்டுல ஸ்பேஸ் வர்ற இடத்துல சின்ன கட்டம் போடுவேன், இங்கயும் □ போட்டிருக்கேன். கட்டம் இருந்தா ஸ்பேஸ் பார் ஒரு தட்டு, இல்லைன்னா ஒட்டி அடிக்கணும். இதை லேசா எடுத்துக்காதீங்க.

3. திறந்து, எங்க நிக்கறோம்னு பாக்கறது

கண்ட்ரோல், ஆல்ட், டீக்கடை டி மூணையும் சேத்து அழுத்துங்க. பொட்டி திறக்கும், உங்க பேர் வரும், கடைசில ஒரு டாலர் குறி மினுக்கிட்டு நிக்கும். "சொல்லுங்க"ன்னு காத்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

பிடபிள்யூடி. பழனி பி, டபிள்யூ, டெல்லி டி. எந்த ஃபோல்டருக்குள்ள நிக்கறோம்னு சொல்லும்.

எல்எஸ். அந்த ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு காட்டும். எல்எஸ்□-எல்எச் னு அடிச்சா ஒவ்வொரு ஃபைலும் எத்தனை கேபி, எத்தனை எம்பின்னும் சேத்து வரும். நம்ம வேலைக்கு இது தான் முக்கியம்.

சிடி□ஃபோல்டர்பேர். சி, டெல்லி டி. உள்ள போகும். சிடி□.. அடிச்சா ஒரு படி வெளிய வரும், ரெண்டு புள்ளி. வழி தவறிட்டா வெறும் சிடி அடிச்சு எண்டர் தட்டுங்க, எங்க இருந்தாலும் வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடும்.

எம்கேடிஐஆர்□பேர், புது ஃபோல்டர். டெல்லி டி. சிபி□பழசு□புதுசு, காப்பி. எம்வி□பழசு□புதுசு, பேர் மாத்த, இடம் மாத்த ரெண்டுக்கும் இதே தான். இதுல ஒரு குழி இருக்கு: புதுசுன்னு குடுக்கற பேர்ல ஏற்கனவே ஒரு ஃபைல் இருந்தா கேக்காம அது மேல எழுதிடும். எம்வி□-ஐ□ன்னு நடுவுல ஐ போட்டு பழகிட்டீங்கன்னா "மேல எழுதவா"ன்னு கேக்கும்.

டேப் கீ தான் கடவுள். ஃபைல் பேர்ல முதல் ரெண்டு மூணு எழுத்து அடிச்சு டேப் தட்டினா மீதிய அதுவே நிரப்பும். நிரப்பலைன்னா ஒண்ணு நீங்க தப்பா அடிச்சிருக்கீங்க, இல்லை அதே எழுத்துல ரெண்டு ஃபைல் இருக்கு. பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேறன்னு இங்க எடுத்துக்கும், எங்க ஸ்கேனர் எல்லா போட்டோவுக்கும் கடைசில பெரிய எழுத்துல ஜேபிஜி போட்டு வைக்கும், நான் சின்ன எழுத்துல தேடிட்டு "காணோம் காணோம்"னு ஒரு சாயங்காலம் பூரா உக்காந்திருக்கேன்.

ஃபைல் பேர்ல ஸ்பேஸ் வைக்காதீங்க. "ராமன் தாத்தா பட்டா"ன்னு பேர் வச்சா டெர்மினல் அதை மூணு ஃபைல்னு நெனைக்கும். கோடு போட்டு ராமன்-தாத்தா-பட்டா ன்னு வைங்க. ஏற்கனவே வச்சுட்டா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா சரியாயிடும். தமிழ்லயே பேர் வைக்கலாம், தப்பில்ல, ஆனா டெர்மினல்ல கொம்பும் காலும் தனித்தனியா பிச்சு போட்ட மாதிரி தெரியும். ஃபைல் கெட்டு போகல, பாக்க தான் கோரம்.

4. ரெண்டு சாமான் ஏத்தணும்

சூடோ□ஏபிடி□அப்டேட். சூடோன்னா எஸ், யூ, டெல்லி டி, ஓ. ஏபிடில பழனி பி, டீக்கடை டி. எண்டர் தட்டினா பாஸ்வேர்ட் கேக்கும். நீங்க அடிக்கறப்ப அங்க ஒண்ணுமே தெரியாது, புள்ளி கூட வராது. கீபோர்டு போச்சுன்னு நெனைச்சு நான் கழட்டி மாட்டி எல்லாம் பாத்தேன். தெரியாட்டியும் உள்ள போகுது, அடிச்சுட்டு எண்டர் தட்டுங்க.

அப்புறம் சூடோ□ஏபிடி□இன்ஸ்டால்□இமேஜ்மேஜிக்□பாப்லர்-யுடில்ஸ். முதல் சாமான் போட்டோவுக்கு, ரெண்டாவது பிடிஎஃப்புக்கு. இமேஜ்மேஜிக் ஒரே வார்த்தை, கடைசில சி, கே. பாப்லர்ல மொத்தம் மூணு பழனி பி, முதல்ல ஒண்ணு, நடுவுல ரெண்டு சேந்தாப்ல. ஒருதடவை பண்ணா போதும், நெட் நல்லா இருந்தா சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

சூடோ போட்டு எவனாச்சும் எதையாச்சும் அடிக்க சொன்னா அது என்னன்னு தெரியாம அடிக்காதீங்க. சூடோன்னா வீட்டு சாவிய கைல குடுக்கற மாதிரி.

5. போட்டோ சைஸும் பிடிஎஃப்பும்

நான் டெர்மினலுக்கு வந்ததே இதுக்கு தான். டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷனுக்கு போட்டோ 20ல இருந்து 50 கேபி, கையெழுத்து 10ல இருந்து 20 கேபி. வேற இடத்துல சர்டிஃபிகேட் 200 கேபிக்குள்ள கேப்பாங்க. ஒவ்வொருதடவையும் அந்த பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு ஆரம்பிங்க. ஃபோன்ல எடுத்த போட்டோ 3 எம்பி, 4 எம்பி இருக்கும். முன்னெல்லாம் ஏதோ ஒரு வெப்சைட்ல ஏத்தி குறைச்சு எறக்குவேன், அடுத்தவங்க ஆதார யாரோ ஒருத்தன் சர்வர்ல போடறோமேன்னு அப்ப தோணவே இல்ல.

இப்ப இப்படி:

கன்வர்ட்□போட்டோ.ஜேபிஜி□-ரீசைஸ்□400எக்ஸ்□-டிஃபைன்□ஜேபிஇஜி:எக்ஸ்டென்ட்=45கேபி□ரெடி.ஜேபிஜி

400எக்ஸ்னா அகலம் 400 புள்ளி, உயரத்த அதுவே பாத்துக்கும். எக்ஸ்டென்ட்ல குடுக்கறது அதிகபட்ச சைஸ். 50 கேட்டா 45 குடுங்க, சரியா 50 குடுத்தா சில நேரம் ஒரு முடி தாண்டி நிக்கும், சைட் திருப்பி அனுப்பிடும். கவனிங்க, டிஃபைனுக்கு அப்புறம் வர்ற ஜேபிஇஜில நடுவுல ஒரு இ இருக்கு, ஃபைல் பேர்ல இ இல்ல. முடிஞ்சதும் எல்எஸ்□-எல்எச் அடிச்சு சைஸ் பாருங்க. 20க்கு கீழ போயிட்டாலும் சில சைட் வாங்காது, அப்ப 400ஐ 600 ஆக்குங்க.

ஸ்கூல்ல இருந்து நாப்பது புள்ளைங்க போட்டோ மொத்தமா வந்தா:

எம்கேடிஐஆர்□சின்னது
மாக்ரிஃபை□-பாத்□சின்னது□-ரீசைஸ்□400எக்ஸ்□*.ஜேபிஜி

மாக்ரிஃபை எழுத்து: எம், ஓ, ஜி, ஆர், ஐ, எஃப், ஒய். பாத்ல பழனி பி, ஏ, டீக்கடை டி, எச். நட்சத்திரம்னா "எல்லாம்". டீய கைல எடுக்கறதுக்குள்ள நாப்பதும் ரெடி. ஆனா அந்த -பாத்□சின்னது இருக்கே, அதை விட்டுட்டீங்கன்னா ஒரிஜினல் மேலயே எழுதிடும், பெரிய போட்டோ திரும்ப வராது. ஃப்ளெக்ஸ் அடிக்க வச்சிருந்த கல்யாண போட்டோல ஒருத்தங்க இப்படி மாட்டினாங்க. நான் தான் அது.

பிடிஎஃப் சேக்கறதுக்கு:

பிடிஎஃப்யுனைட்□ஆதார்.பிடிஎஃப்□பட்டா.பிடிஎஃப்□மொத்தம்.பிடிஎஃப்

பழனி பி, டெல்லி டி, எஃப், ஒட்டி யுனைட், அதுல டீக்கடை டி. கடைசில வர்ற பேர் தான் புதுசா உருவாகற ஃபைல். அதை எழுத மறந்துட்டா கடைசில நிக்கற பட்டாவையே புது ஃபைல்னு நெனைச்சு அது மேல எழுதிடும். அதனால நான் முதல்ல ஒரு ஃபோல்டர்ல காப்பி போட்டுட்டு தான் சேப்பேன்.

6. அழிக்கறது

கடைய மூடறதுக்கு முன்னாடி கஸ்டமர் ஸ்கேன் எல்லாத்தையும் அழிச்சுடணும், அது மரியாதை. ஆர்எம்□பேர், ஆர், எம். டெர்மினல்ல அழிச்சா குப்பைத்தொட்டிக்கு போகாது. போனா போச்சு.

போன கார்த்திகைல, மழை, நாலரைக்கே இருட்டிடுச்சு, பனிமூட்டம் கதவுக்குள்ள வருது, ஸ்கேன் ஃபோல்டர்ல கெடக்கற ஜேபிஜி மட்டும் அழிச்சுட்டு கெளம்பலாம்னு பாத்தேன். பிடிஎஃப் எல்லாம் இருக்கணும், மறுநாள் ஸ்காலர்ஷிப் கடைசி தேதி, மூணு பேரோடது ரெடி பண்ணி வச்சிருந்தேன். நோட்டுல "ஆர்எம் ஸ்டார் டாட் ஜேபிஜி"ன்னு வார்த்தை வார்த்தையா எழுதி வச்சிருந்தேன், அப்ப கட்டம் போடற பழக்கம் இல்ல. அப்படியே அடிச்சேன், நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டு. எண்டர்.

ஒரு வரி வந்துச்சு, .ஜேபிஜின்னு ஒரு ஃபைலே இல்ல, அழிக்க முடியலைன்னு. சரி, ஒண்ணும் ஆகல போலன்னு நெனைச்சேன். திரும்ப எல்எஸ் அடிச்சா வெறும் டாலர் குறி. ஃபோல்டர் துடைச்சு வச்ச மாதிரி காலி.

அந்த ஸ்பேஸால டெர்மினல் அதை ரெண்டு உத்தரவா எடுத்துக்கிச்சு: நட்சத்திரம், அதாவது எல்லாத்தையும் அழி. அப்புறம் .ஜேபிஜின்னு பேர் இருக்கற ஃபைல அழி. முதல் வேலைய சத்தமில்லாம முடிச்சுட்டு ரெண்டாவதுக்கு தான் எங்கிட்ட புகார் சொல்லிருக்கு. ஃபோன் போட்டா அவன் ரெண்டு செகண்ட் பேசல, அப்புறம் "எண்டர் தட்டறதுக்கு முன்னாடி எனக்கு கூப்பிட்டிருக்கலாம்ல சித்தி"ங்கறான். "டேய், தட்டினதுக்கு அப்புறம் தானடா தெரியுது"ன்னேன். மறுநாள் காலைல மூணு வீட்டுக்கும் கூப்பிட்டு, அதுல ஒரு தாத்தா ஹட்டில (எங்க பக்கம் படுகர் கிராமத்துக்கு அப்படித்தான் பேர்) இருந்து முதல் பஸ் புடிச்சு பேப்பரெல்லாம் மஞ்சப்பைல போட்டு திரும்ப எடுத்துட்டு வந்தாரு. திட்டல. அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதுல இருந்து நான் இப்படி தான் அழிப்பேன். முதல்ல

எல்எஸ்□*.ஜேபிஜி

எது எது வருதுன்னு பாக்கறது. வர்றது மட்டும் தான் அழியணும்னா, மேல் அம்புக்குறிய தட்டினா அதே வரி திரும்ப வரும், அதுல எல்எஸ்ஸ எடுத்துட்டு

ஆர்எம்□-ஐ□*.ஜேபிஜி

ஐ போட்டா ஒவ்வொண்ணுக்கும் கேக்கும், ஒய் அடிச்சு எண்டர் தட்டணும். நாப்பது ஃபைல்னா எரிச்சலா தான் இருக்கும். பரவால்ல.

ஆர்எம் கூட -ஆர்எஃப்னு யாராச்சும் சொல்லி குடுத்தா காதுல வாங்காதீங்க, ஃபோல்டரோட கேள்வி கேக்காம அழிக்கறது அது. ரெண்டு வருஷமா எனக்கு அது ஒருதடவை கூட தேவைப்படல.

7. பேக்கப்

பென்டிரைவ சொருகினா உபுண்டுல அது /மீடியா/ உங்க பேர் / டிரைவ் பேர் ங்கற வழில வந்து உக்காரும், முதல் எழுத்த அடிச்சு டேப் தட்டிட்டே போங்க, அதுவே கூட்டிட்டு போகும்.

ஆர்சிங்க்□-ஆர்டிவிஎன்□கணக்கு/□/மீடியா/பேர்/டிரைவ்/கணக்கு/

ஆர்சிங்க்: ஆர், எஸ், ஒய், என், சி. அந்த -ஆர்டிவிஎன்ல ஆர், டீக்கடை டி, வி, என். கடைசி என் ஒத்திகைக்கு. எதெது போகும்னு லிஸ்ட் மட்டும் காட்டும், ஒண்ணையும் தொடாது. லிஸ்ட் சரின்னா அந்த கடைசி 'என்' எழுத்த மட்டும் எடுத்துட்டு திரும்ப தட்டுங்க. புதுசா இருக்கறது, மாறுனது மட்டும் தான் போகும், அதனால முதல் நாள் பத்து நிமிஷம் ஆனா அப்புறம் தினமும் ஒரு நிமிஷம் கூட ஆகாது.

கணக்குக்கு பின்னாடி அந்த சாய்கோடு இருக்கணும். இல்லைன்னா கணக்குக்குள்ள கணக்குன்னு இன்னொரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள கொட்டும், எது புதுசு எது பழசுன்னு நீங்க மண்டைய உடைச்சுக்கணும். பழைய மாதிரி ஃபார்மட் ஆன பென்டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஏறாது, வீடியோ வச்சிருக்கறவங்க பாத்துக்கோங்க.

முடிஞ்ச உடனே புடுங்காதீங்க. சிங்க்னு மட்டும் அடிங்க, எஸ், ஒய், என், சி. டாலர் குறி திரும்ப வர்ற வரைக்கும் எழுதிட்டு தான் இருக்கு. வந்ததும் ஸ்கிரீன்ல டிரைவ எஜெக்ட் பண்ணிட்டு எடுங்க.

8. நெட் அறுந்து அறுந்து வர்ற ஊர்ல டவுன்லோடு

டபிள்யூகெட்□-சி□'லிங்க்'

டபிள்யூ, ஜி, இ, டீக்கடை டி. சி போட்டா விட்ட இடத்துல இருந்து தொடரும், பெரும்பாலான சைட்ல. 6 ஜிபி உபுண்டுவ நான் மூணு ராத்திரில எறக்கினேன், நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு, ஒருதடவை ரோட்டுல மண் சரிஞ்சு நெட்டே போச்சு, ஒவ்வொருதடவையும் அதே ஃபோல்டர்ல நின்னு மேல் அம்பு தட்டி எண்டர் தட்டினா போதும். லிங்க சுத்தி ஒத்த மேற்கோள் குறி கட்டாயம், ஏன்னா பல லிங்க்ல & இருக்கும், குறி போடலைன்னா டெர்மினல் லிங்க அந்த இடத்துலயே வெட்டிடும். லிங்க ஒட்டறதுக்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், வி. ஷிஃப்ட் இல்லாம ஒட்டாது.

9. இலைக் கணக்கு தேடறது

இது என் சொந்த உபயோகம். வீட்டுல கொஞ்சம் தேயிலை இருக்கு, எந்த நாள் எத்தனை கிலோ இலை போச்சுன்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல வரிக்கு ஒண்ணா எழுதி வைப்பேன், தேதி, கிலோ, யார் எடுத்துட்டு போனாங்க. மாசக் கடைசில இலை வாங்கறவங்க கணக்கு சீட்டு வர்றப்ப ஒத்து பாக்கணும்.

கிரெப்□2025-08□இலை.டிஎக்ஸ்டி

ஜி, ஆர், இ, பழனி பி. ஃபைல் கடைசில டீக்கடை டி, எக்ஸ், டீக்கடை டி. ஆகஸ்ட் மாச வரி மட்டும் வந்து நிக்கும். தமிழ் வார்த்தை குடுத்தும் தேடலாம், "மழை"ன்னு குடுத்தா மழைன்னு எழுதி இலை எடுக்காத நாளெல்லாம் வரும். ஒரு மாசம் சீட்டுல 38 கிலோ குறைஞ்சிருந்தது, தேதியோட ரெண்டு வரிய காட்டினேன், அடுத்த சீட்டுல சேத்து போட்டாங்க.

10. மாட்டிக்கிட்டா

எதுவோ ஓடிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது: கண்ட்ரோல், சி. காப்பி பண்றதுக்கு தப்பா இதை தட்டிடாதீங்க, காப்பிக்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், சி.

பக்கம் பக்கமா ஏதோ வந்து கீழ மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி (:) நிக்குது, என்ன அடிச்சாலும் போகல: க்யூ.

டாலர் குறிக்கு பதிலா > குறி வந்து முழிக்குது: எங்கயோ ஒரு மேற்கோள் குறிய திறந்துட்டு மூடல. கண்ட்ரோல், சி, திரும்ப அடிங்க.

ஒண்ணுமே நகரல, அடிக்கறதும் தெரியல: கண்ட்ரோல், எஸ் தட்டியிருப்பீங்க, சேவ் பண்ற பழக்கத்துல. கண்ட்ரோல், க்யூ தட்டினா உயிர் வந்துடும். இது தெரியாம நான் ஒருதடவை ஸ்விட்ச்சயே ஆஃப் பண்ணிட்டேன்.

நேத்து அடிச்ச கமாண்ட் மறந்துடுச்சு: ஹிஸ்டரின்னு அடிங்க, எச், ஐ, எஸ், டீக்கடை டி, ஓ, ஆர், ஒய். எல்லாம் வரிசையா வரும். இதனால தான் பாஸ்வேர்ட கமாண்ட் வரிலயே அடிக்கக் கூடாது, அதுவும் சேந்து அங்க உக்காந்திருக்கும்.

இது எதுலயும் இல்லாத மாதிரி ஒண்ணு வந்தா ஸ்கிரீன்ல இருக்கற வரிய ஒரு எழுத்து விடாம நோட்டுல எழுதிட்டு, அப்புறம் தெரிஞ்சவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க. "என்னமோ எரர் வருது"ன்னு சொன்னா அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது. எழுத்து சொல்றப்ப எந்த டின்னு சொல்லிடுங்க.